சீசாக்காளானும் ஒரு பதிவுத் தபாலும்

அனுப்புநர்: ம. தெய்வசிகாமணி, மழைமானிப் பதிவாளர், கரடிச்சோலை.

பெறுநர்: தரக்கட்டுப்பாட்டு அலுவலர், வயிற்று டயாலிசிஸ் திரவப்பை தயாரிக்கும் தொழிற்சாலை.

பொருள்: டிசம்பர் 2 அன்று நான் அனுப்பிய பதிவுத் தபாலைப் பிரிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வது.

டிசம்பர் 19, காலை.

ஐயா,

இந்தக் கடிதத்துக்கு முன்னால் என்னிடமிருந்து ஒரு பதிவுத் தபால் உங்களுக்கு வந்திருக்கும். பழுப்பு உறை. இடது மூலையில் நீல மையில் என் முகவரி. கடிதத்தின் அடியில் 'இணைப்பு: காளான் மாதிரி, ஒரு சிட்டிகை' என்று எழுதியிருப்பேன். இன்னும் பிரிக்கவில்லை என்றால் பிரிக்காதீர்கள், அப்படியே நெருப்பில் போட்டுவிடுங்கள். பிரித்துவிட்டீர்கள் என்றால், அதை எந்த மேசையில் வைத்தார்கள், யார் யார் தொட்டார்கள் என்று விசாரித்து, அந்த மேசையைச் சுற்றி இருந்த பைகள் எதையும் வெளியே அனுப்பாதீர்கள்.

நான் கேட்க வேண்டியது இவ்வளவுதான். ஆனால் இவ்வளவோடு நிறுத்தினால் புகார் எண் ஒன்று கொடுத்துவிட்டு ஓரமாக வைத்துவிடுவீர்கள். நேற்று ஒரு எண் கொடுத்திருக்கிறீர்கள். எங்கள் சோதனைச்சாவடிக் காவலர் மொக்கராசு அடிவாரத்துக்கு இறங்கிப் போய், நான் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து உங்கள் உதவி எண்ணில் பேசினார். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று அலைக்கழித்த பிறகு கடைசியில் ஒரு பெண் வந்து, பை ஒழுகுகிறதா என்று கேட்டாராம். "இன்னும் ஒழுகலத்தா, இனிமேதேன் ஒழுகும்" என்றாராம் இவர். ஒழுகிய பிறகு கூப்பிடச் சொல்லி அந்த எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே, நடந்ததைத் தேதிவாரியாக எழுதுகிறேன். பென்சிலில் எழுதுவதற்கு மன்னிக்கவும். எங்கள் ஊரில் இப்போது பேனா கிடையாது.

என் மனைவி புனிதவதிக்கு ஐம்பத்தாறு வயது. சிறுநீரகம் இரண்டும் வேலை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது. வாரம் மூன்று நாள் மலையை விட்டு இறங்கி டயாலிசிஸ் செய்துகொள்ள முடியாது என்பதால், மதுரையில் ஒரு மருத்துவமனையில் அவளுடைய வயிற்றில் டியூப் பொருத்தி அனுப்பினார்கள். ஒரு நாளைக்கு நாலு தடவை உங்கள் பையில் உள்ள இரண்டு லிட்டர் திரவத்தை வயிற்றுக்குள் விட்டு, பழையதை வெளியே எடுக்க வேண்டும். மூன்று வருடத்தில் ஒரு வேளை தவறியதில்லை. கை கழுவுவது, முகமூடி போடுவது, பையில் அச்சடித்த தேதியைப் பார்ப்பது என்று எல்லாவற்றையும் நான் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். என் மனைவி சமையல் நேரத்தைக்கூட உங்கள் பையை வைத்துத்தான் சொல்லுவாள். "ரெண்டாவது பைக்கு முன்னாடி சாப்ட்ருங்க" என்பாள்.

நவம்பர் 24. காலை எட்டரை மணிக்கு மழைமானி பார்க்கப் போனேன். முந்தைய நாள் மழை 6.4 மில்லிமீட்டர். குளிர் தொடங்கிய சமயம், புல் நுனியில் பனி வெள்ளையாக நின்றது. மழைமானி இருப்பது சோதனைச்சாவடிக்குப் பின்னால், சீகை மரங்களின் ஓரத்தில். எங்கள் ஊருக்குள் பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுவரக் கூடாது என்பது பல வருடச் சட்டம். சுற்றுலா வண்டிகளில் பிடுங்கிய பாட்டில்களை மொக்கராசு பின்னால் கொட்டிக் கொட்டி, அது ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே போய்விட்டது. கீழே எடுத்துப் போகச் சொல்லி நான் பேரூராட்சிக்கு எழுதிய மனுக்கள் மட்டும் பதினான்கு.

அந்தக் குவியலில்தான் காளானைப் பார்த்தேன். இந்த மலையில் மழைக்குப் பின் முளைக்கும் காளான்களில் முப்பது வகையாவது எனக்குத் தெரியும். இது அவற்றில் சேராது. சாம்பலும் நீலமும் கலந்த நிறம். ஆட்டுக்குட்டியின் காது போல மடிந்து, அடிப்பக்கத்தில் மடிப்புகளுக்குப் பதிலாக ஊசிமுனைத் துளைகள். மண்ணில் இல்லை, பட்ட மரத்தில் இல்லை. பாட்டில்களின் கழுத்தைச் சுற்றி வரிசையாக முளைத்திருந்தது. ஒரு பாட்டிலை எடுத்தேன், விரல் பட்ட இடம் பச்சரிசி மாவு போல உதிர்ந்தது.

மொக்கராசு எட்டிப் பார்த்துவிட்டு, "மொளகு தூக்கலாப் போட்டு வறுத்தா நல்லாருக்கும்யா. மினரல் வாட்டர் குடிச்சு வளந்த காளானுல்ல" என்றார். சீசாக்காளான் என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பள்ளியில் விண்ணப்பக் கடிதம் எழுதப் பழகிய நாளிலிருந்து, ஆதாரம் இல்லாமல் நான் கடிதம் அனுப்பியதில்லை. சாலையில் குழி என்றால் குழியில் கிடந்த ஒரு கல்லை வைத்து அனுப்பியிருக்கிறேன். தண்ணீரில் புழு என்றால் புழுவை. காளானை வெயிலில் உலர்த்தி, பொடித்து, சிட்டிகை சிட்டிகையாகத் தாளில் மடித்து, மறுநாளே எட்டுப் பேருக்கு எழுதினேன். கல்லூரிக்கு, வேளாண்மை அலுவலகத்துக்கு, ஒரு பத்திரிகைக்கு, சென்னையில் இருக்கும் பள்ளித் தோழனுக்கு என்று. மீதியை முதல் நாளே மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன்.

நான்கே நாளில் கல்லூரியிலிருந்து முனைவர் பர்வீன் வந்துவிட்டார். காளான் ஆராய்ச்சி செய்கிறவர். என் கடிதத்துக்கு ஒருவர் மலையேறி வருவது அதுவே முதல் தடவை. குவியல் பாதியாகக் குறைந்திருந்தது. அவர் அதன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டிலாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து, இந்தக் காளான் பிளாஸ்டிக்கைத் தின்கிறது, பாட்டிலைத் தயாரித்தவர்களே கைவிட்ட வேலையை இது செய்துகொண்டிருக்கிறது என்றார். எங்கள் ஊரிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கினார், அன்று மாலை என் வீட்டில் தேநீர் குடித்தார். புனிதவதி அவருக்கு அக்காவாகிவிட்டாள்.

பதினைந்தாவது மனுவை அன்றைக்கே எழுதினேன். வீட்டுக்கு வீடு இந்தக் காளானைக் கொடுத்துக் குப்பைக்குழியில் போடச் சொன்னால் ஊரே சுத்தமாகும் என்று. ஒரே நாளில் அனுமதி வந்தது. டிசம்பர் 1 அன்று பேரூராட்சி ஆட்கள் தொன்னை தொன்னையாகக் காளான் வைத்து வீடு வீடாகக் கொடுத்தார்கள். பிளாஸ்டிக் இல்லாத ஊர் என்ற பெருமை எங்களுக்கு எப்போதும் கொஞ்சம் அதிகம். கல்யாண வீட்டுத் தாம்பூலம் போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். பக்கத்துத் தெருவில் தங்களுக்கு விட்டுப்போய்விட்டது என்று சண்டைகூட வந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் பையை மாற்றும்போது புனிதவதி கேட்டாள். "அம்புட்டையும் திங்குதுன்னா, இந்தப் பையையும் திங்குமா?"

பர்வீன் சிரித்தார். "பயப்படாதீங்கக்கா. என் ரூம்ல ஹீட்டர் பக்கத்துல ஒரு பாட்டில் மேல மூணு நாளா வச்சிருக்கேன். ஒண்ணுமே ஆகல. இதுக்கு மண்ணு வேணும், மழை வேணும். வீட்டுக்குள்ள இதோட வேலை நடக்காது."

எனக்கு மனம் ஒப்பவில்லை. தயாரிப்பவர்களையே கேட்டுவிடுவது முறை என்று பட்டது. டிசம்பர் 2 அன்று உங்களுக்கு எழுதினேன். இந்தக் காளான் உங்கள் பையைப் பாதிக்குமா என்று சோதித்துச் சொல்லும்படி கேட்டு, மாதிரியை இணைத்து, பதிவுத் தபாலில் சேர்த்தேன். என் மனைவி வாசலில் நின்றுகொண்டு, "ஒங்க லெட்டரு போய்ச் சேருமுன்ன நான் போய்ச் சேந்துருவேன்" என்றாள். அது அவள் மூன்று வருடமாகச் சொல்லும் கேலி. காளானோடு நான் அனுப்பிய ஒன்பதாவது கடிதம் அது, அவளுக்காக எழுதியது.

மறுநாள் காலையில் இழுப்பறையைத் திறந்தபோது பேனா மாவாகக் கிடந்தது. உள்ளே இருந்த பித்தளை ரீஃபில் மட்டும் தனியாகக் கிடந்தது. 'பேனா பழசு' என்று நோட்டில் எழுதினேன். அந்தப் பக்கத்தை இப்போது எடுத்துப் பார்க்கிறேன். கையெழுத்து என்னுடையதுதான்.

டிசம்பர் 10. காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. ஊற்றிலிருந்து ஊருக்கு வரும் கறுப்புக் குழாய் நாலு கிலோமீட்டரும் காட்டுக்குள் பொடியாகிக் கிடந்தது. வாளியைத் தூக்கினால் கைப்பிடி மட்டும் வந்தது. மின்கம்பிகளின் மேலுறை உதிர்ந்து தெருத்தெருவாகப் பொறி பறந்தது, மதியத்துக்குள் மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். கைபேசிக் கோபுரமும் அதோடு போயிற்று. செருப்பு, பல் துலக்கி, மாத்திரை அட்டை, ரேஷன் கடையில் பாமாயில் பொட்டலம், எல்லாம் உதிர்ந்தன. பேருந்து நிலையத்தில் ஒருவர் தன் செயற்கைக் காலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாவு தட்டுப்பட்ட இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் பர்வீன் என் வீட்டுக்கு வந்தபோது வாசற்படியில் தடுக்கினார். அவருடைய மூக்குக்கண்ணாடியின் வில்லை பால்நிறமாகியிருந்தது. வில்லையும் பிளாஸ்டிக்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். என் நோட்டுகளை எடுத்து வாசிக்கச் சொன்னார். காளான் எடுத்த நாள், கொடுத்த நாள், ஒவ்வொரு நாளின் குளிர், மழை என்று எல்லாவற்றையும் இரண்டு தடவை வாசித்தேன்.

"போதும் சார்," என்றார். "இருபத்துநாலாம் தேதி இழுப்பறைல வச்சீங்க, மூணாம் தேதி பேனா போச்சு. ஒண்ணாம் தேதி ஊருக்குக் கொடுத்தோம், பத்தாம் தேதி ஊரு போச்சு. ஒன்பது நாள் சார். ஒன்பது நாள் உள்ளுக்குள்ள நூல் விட்டுக்கிட்டுச் சும்மா இருக்கு. வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியாது. பத்தாவது நாள் எல்லாம் ஒண்ணா உதிருது."

ஹீட்டர் பக்கத்தில் வைத்த அவருடைய பாட்டில் மட்டும் ஏன் உதிரவில்லை என்று கேட்டேன். அதற்குப் பதில் இரண்டு நாள் கழித்து என் வீட்டிலேயே கிடைத்தது.

டிசம்பர் முதல் வாரம் உங்களிடமிருந்து நூற்றிருபது பைகள் வந்திருந்தன. நூறு பை பின்னறையில், இருபது பை இடமில்லாமல் அடுப்பங்கரையை ஒட்டிய இரும்புப் பெட்டியில். ஊர் உதிர்ந்த அன்றே எல்லாவற்றையும் தடவிப் பார்த்தோம். நன்றாகத்தான் இருந்தன. டிசம்பர் 12 காலையில் பின்னறைப் பை ஒன்றை மாட்டித் திரவம் பாதி இறங்கும்போது, புனிதவதி தன் விரலைப் பார்த்தாள். விரல் நுனியில் மாவு.

"நிப்பாட்டுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சத்தம் போடவில்லை.

உடனே அடைத்துவிட்டோம். கிருமி உள்ளே போனால் வயிறு முழுக்கச் சீழ் பிடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். பின்னறைக்குப் போய் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தேன். தண்ணீர் தரையில் ஓடியது. நூறில் ஒன்று மிஞ்சவில்லை. அடுப்பங்கரை இருபது மட்டும் அப்படியே இருந்தன. பர்வீன் அந்த இரும்புப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து அடுப்புச் சூட்டைப் பார்த்தார். பிறகு சொன்னார், இது குளிரில் வேலை செய்கிறது, சூட்டில் செத்துப் போவதில்லை, தூங்குகிறது என்று. கொதிக்கும் சூட்டில்தான் சாகும். வெயில் ஊரில் எத்தனை மாதம் வேண்டுமானாலும் தூங்கும். குளிர் பட்டால் விழித்துக்கொள்ளும், பிறகு ஒன்பது நாள். ஹீட்டர் பக்கத்தில் வைத்துப் பார்த்ததுதான் தன் தப்பு என்றும் சொன்னார். ஊருக்கே கொடுக்கச் சொன்னவன் நான்.

அதற்கு முந்தைய நாளே எல்லை போட்டுவிட்டார்கள். அதே சோதனைச்சாவடிதான். முன்பு பிளாஸ்டிக் மேலே வரக் கூடாது, இப்போது கீழே போகக் கூடாது. மனிதர்கள் போகலாம். வெந்நீரில் குளித்து, அவர்கள் கொடுக்கும் பருத்தித் துணியைக் கட்டிக்கொண்டு, வெறும் கையோடு வெறும் காலோடு இறங்கலாம். பாதி ஊர் இறங்கிவிட்டது. புனிதவதியை மொக்கராசின் குதிரையில் ஏற்றி அழைத்துப் போனேன். அங்கே இருந்த மருத்துவர் நல்லவர்தான். கீழே போகக் கூடாதவற்றின் பட்டியலைப் பார்த்தார், அவள் வயிற்றைப் பார்த்தார். உடம்போடு சேர்ந்த பிளாஸ்டிக்குக்குப் பட்டியலில் விலக்கு இல்லை. டியூபை எடுத்துவிட்டால் அனுப்பலாம் என்றார். எடுப்பதற்கு அறுவை செய்ய வேண்டும், அதைச் செய்ய மலைமேல் ஆளில்லை. மேலிடத்துக்கு எழுதச் சொன்னார். எழுதினேன். மூன்று தடவை எழுதினேன். பரிசீலனையில் இருக்கிறது.

திரும்பி வரும்போது குதிரை மேல் உட்கார்ந்துகொண்டு அவள் சொன்னாள்: "ஒங்க மனுவுல ஒண்ணே ஒண்ணுதேன் பாஸாச்சு. அது இந்த ஊரையே தின்னுருச்சு."

மொக்கராசுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. அவள் சிரிக்கவில்லை.

முதல் எட்டுப் பேரில் பர்வீன் இங்கேயே இருக்கிறார். மற்ற ஏழு பேருக்கும் மொக்கராசு அடிவாரத்திலிருந்து தொலைபேசியில் சொல்லிவிட்டார். ஆறு பேர் எரித்துவிட்டதாகச் சொன்னார்கள். பத்திரிகையில் என் உறையைப் பிரிக்கவேயில்லையாம், வாசகர் கடிதம் என்று கட்டோடு கொளுத்திவிட்டார்களாம். நன்றி என்று சொல்லச் சொன்னேன். மீதி நீங்கள் ஒருவர். உங்கள் தொலைபேசி எண் பெட்டியின் மேல் ஒட்டிய தாளில் இருந்தது, அந்தத் தாளும் பிளாஸ்டிக். பழைய ரசீது ஒன்றில் எண் கிடைக்க 17-ஆம் தேதி ஆகிவிட்டது. 13-ஆம் தேதி நான் உங்களுக்கு எழுதிய கடிதத்தை எல்லையில் நிறுத்தி எரித்துவிட்டார்கள். நேற்றுத்தான் கடிதம் மட்டும் அனுப்ப வழி செய்தார்கள். ஒவ்வொரு தாளையும் கரி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து அனுப்ப வேண்டும். மொக்கராசுக்கு அந்த வேலை.

நானே இறங்கி வந்து உங்களிடம் சொல்லலாம். போய்வர ஆறு நாளாகும். பை மாற்ற இங்கே ஆளில்லை. பர்வீனுக்கு எதிரே நிற்கிறவர் முகம் தெரியவில்லை.

இருபது பையை வைத்து நாலு வேளையை மூன்றாக்கினோம், பிறகு இரண்டாக்கினோம். டியூபில் வெளியே இருக்கும் ஒரு சாண் நீளத்தை அவள் வயிற்றோடு சேர்த்துக் கம்பளித் துணியில் கட்டி வைத்திருக்கிறாள், சூட்டிலேயே இருக்கட்டும் என்று. நேற்று மாலை கடைசிப் பையை மாட்டினோம். இன்று காலையில் கால் வீங்கியிருக்கிறது. மூச்சு விடுவதற்கு மூன்று தலையணை வைக்க வேண்டியிருக்கிறது. தலையணைகூட இலவம்பஞ்சு என்பதால் மிஞ்சியது.

ஆகவே ஐயா, அந்த உறையை

பிற்பகல் இரண்டு மணி.

மேலே உள்ள வாக்கியத்தை முடிக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டேன், அடிக்க மனம் வரவில்லை.

மொக்கராசு வந்தார். குதிரையில் ஓர் அட்டைப்பெட்டி. அடிவாரத்தில் நேற்று மாலை எனக்கு வந்ததாம். மேலே வரும் சாமானுக்குத் தடையில்லை என்பதால் கொண்டுவந்துவிட்டார். "ஒங்க லெட்டருக்குப் பதில் வந்துருக்குய்யா" என்று தெருமுனையிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தார். இத்தனை வருடத்தில் என் கடிதங்களைச் சுமந்து சுமந்து, ஒரு பதிலைக் கொண்டுவருவதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

உங்கள் கடிதத்தை மூன்று பேருக்கும் கேட்கும்படி வாசித்தேன். இங்கே திரும்ப எழுதுகிறேன், நீங்கள் எழுதியதை நீங்களே ஒருமுறை கேட்க வேண்டும் என்பதற்காக.

'தங்கள் கடிதமும் மாதிரியும் 5-ஆம் தேதி கிடைத்தன. தங்கள் அக்கறை எங்களை நெகிழச் செய்தது. காளான் மாதிரியைப் பொட்டலமிடும் கூடத்தில், தயாரான பைகளின் மேலேயே தூவி ஆறு நாள் வைத்துப் பார்த்தோம். எந்த மாற்றமும் இல்லை. தாங்கள் அச்சப்படத் தேவையில்லை. தங்கள் கடிதத்தைப் பணியாளர் அனைவரும் கையில் வாங்கிப் படித்தார்கள். மாதிரியின் மீதியை ஒரு கிண்ணத்தில் வைத்து, கூடத்துக்கு வருவோர் பார்க்க வைத்திருக்கிறோம். தங்கள் துணைவியாருக்கு எங்கள் அன்பளிப்பாக, அதே கூடத்திலிருந்து பன்னிரண்டு பைகள் அனுப்புகிறோம். நீடூழி வாழ்க. இணைப்பு: பைகள் 12.'

நல்ல கையெழுத்து. ஒரு பிழை இல்லை.

பர்வீன் பெட்டியைத் தடவிப் பார்த்தார். "கூடத்துல என்ன சூடு இருக்கும் சார்?" என்றார். உங்கள் ஊர் வெயில் ஊர் என்றேன். அவர் விரலை மடக்கினார். கூடத்தில் தூவி ஆறு நாள், பிறகு இன்றோடு எட்டு நாள். ஒரு நாளைக்கு எத்தனை பை அங்கிருந்து போகும் என்று கேட்டார். தெரியாது என்றேன். இப்போது வடக்கே எல்லா ஊரிலும் குளிர் என்றார்.

நான் பெட்டியைத் திறந்தேன். பன்னிரண்டு பைகளும் கண்ணாடி போல இருந்தன. மலையேறியது நேற்றிரவு, குளிர் பட்டு இன்னும் ஒரு நாள் ஆகவில்லை. இந்தப் பன்னிரண்டும் இவளுக்கு ஆகும். ஒன்பது நாளுக்குள் மாட்டிவிட்டால் ஒன்றும் செய்யாது.

அதன் பிறகு நான் பென்சிலை எடுக்கவில்லை. காரணத்தை மறைக்காமல் எழுதுகிறேன். காலையில் நான் கேட்டது ஒரு மேசையைச் சுற்றி இருந்த பைகளை. இப்போது கேட்க வேண்டியது கூடத்தையே மூடும்படி. 5-ஆம் தேதிக்குப் பிறகு போன எல்லாவற்றையும் திரும்ப வாங்கும்படி. வயிற்று டயாலிசிஸ் பை இந்தப் பக்கத்துக்கெல்லாம் உங்களிடமிருந்துதான் வருகிறது. நீங்கள் மூடினால், இந்தப் பன்னிரண்டுக்குப் பிறகு பதிமூன்றாவது வராது. எழுதாமல் இருந்தால் அடுத்த மாதப் பெட்டி வரும். அதையும் அடுப்பங்கரையில் வைத்துக்கொண்டால் இவளுக்கு ஒன்றும் ஆகாது. எங்களுக்கு மட்டும் அந்த ரகசியம் தெரியும்.

புனிதவதி தலையணைகளில் சாய்ந்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்திரண்டு வருடமாக நான் கடிதம் எழுதுவதைப் பார்த்தவள். எங்கே நிற்கிறேன் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"கூடத்த மூடச் சொல்லி எழுதுங்க" என்றாள்.

நான் பெட்டியை மூடினேன்.

"என்ன மாதிரி எத்தன பேரு நடு ராத்திரில எந்திரிச்சுப் பைய மாட்டிக்கிட்டு இருப்பாக. விரலுல மாவப் பாத்தா அவுகளுக்கு என்னன்னு தெரியும்? எனக்கு நீங்க இருந்தீக. எழுதுங்கங்க."

"எழுதுனா ஒனக்கு வராது புனிதா."

"தெரியும். அதையும் சேத்து எழுதுங்க. அப்பத்தேன் நம்புவாக."

அதனால்தான் இதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். ஆதாரம் என்று இனி நான் எதையும் அனுப்ப முடியாது, அனுப்பவும் மாட்டேன். தன் மனைவிக்கு வரும் பையை நிறுத்தச் சொல்லி ஒருவன் எழுதுகிறான் என்பதை ஆதாரமாக வைத்துக்கொள்ளுங்கள். கூடத்தை மூடுங்கள். கிண்ணத்தை எரித்துவிடுங்கள். 5-ஆம் தேதிக்குப் பின் போன பைகள் எங்கே இருந்தாலும் சூடான இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். அடுப்பங்கரை போதும்.

இதை முனைவர் பர்வீன் நேரில் கொண்டுவருகிறார். மொக்கராசு கையைப் பிடித்து அடிவாரம் வரை இறக்கிவிடுவார், அங்கிருந்து பேருந்து, ரயில். வந்து சேர மூன்று நாளாகும். எழுத்து அவர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் முழுதும் மனப்பாடமாகும் வரை வாசித்துக் காட்டியிருக்கிறேன். கடிதத்தைப் படிக்க நேரமில்லை என்றால் அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு பை வந்தது. இன்று ஒன்று மாட்டினோம், அவள் மூச்சு கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு வைத்தால் ஆறு நாள். பதிமூன்றுக்கு என்ன செய்வது என்று நான் இன்னும் நோட்டில் எழுதவில்லை. மேலிடத்துக்கு நாலாவது மனு எழுதி அதையும் இதோடு கொடுத்தனுப்புகிறேன்.

தாளின் ஓரம் பழுப்பாக இருந்தால் அது இஸ்திரிச் சூட்டினால் வந்தது. பயப்படாமல் தொடலாம். மடிக்கும்போது பழக்கத்தில் என் கை ஒரு துண்டுத் தாளைக் கிழித்துச் சிட்டிகைப் பொட்டலம் போல மடித்துவிட்டது. உள்ளே ஒன்றும் வைக்கவில்லை. இருந்தாலும் அதை எடுத்து அடுப்பில் போட்டுவிட்டேன். புனிதவதி பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கள் உண்மையுள்ள,
ம. தெய்வசிகாமணி.

இணைப்பு: இல்லை.